பலகை ரயிலுக்குக் குரல் தேடி

புகைவண்டியைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே நாம் காதால் அறிந்து விடுகிறோம். தொலைவில் ஊதல் கேட்கிறது, தண்டவாளம் முணுமுணுக்கிறது, பிளாட்பாரத்தில் அமர்ந்திருப்போர் எழுந்து மூட்டைகளைக் கையில் எடுக்கின்றனர். வண்டி கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பின்னர்தான். ஆகவே, ரயிலின் சிற்றுருவத்தைச் செய்து பலகையின் மீது ஓட விடுகிறவர்கள், அதற்கு ஓசையும் வேண்டும் என்று விரும்புவதில் வியப்பில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் அத்தகைய முயற்சி ஒன்றில் இறங்கியிருக்கின்றனர். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பலகை அது. ஒரு முனையில் பாலக்காட்டுக் கணவாய். நடுவில் ஆனைமலையும் மூணாறும். மறு முனையில் போடிநாயக்கனூர். இப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் அவ்வூர்களைப் பெற்றோர் வாய்மொழியாகவே அறிந்தவர்கள். நாம் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பதால், ஓசைகளைத் திரட்டித் தரும் பொறுப்பை நம்மிடம் விட்டனர். ஆனி மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக் கொண்டு, நண்பர் ஒருவரோடும், பஞ்சுறை மாட்டிய சிறு ஒலிவாங்கி ஒன்றோடும் புறப்பட்டோம். அப்பயணத்தில் கேட்டவற்றையும், கேளாமற் போனவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

அளவும் ஓசையும்

முதலில் ஒரு கணக்கு. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சிற்றுருவ ரயில்கள் ‘ஹெச். ஓ.’ என்னும் அளவைச் சார்ந்தவை. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு என்பது அதன் பொருள். அவற்றின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இது மேனாடுகளில் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு ஏற்ற கணக்கு. நம் நாட்டு அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. மீட்டர் பாதைக்கு 11.5 வரும். மூணாற்றில் முன்னொரு காலத்தில் ஓடிய இரண்டடிப் பாதைக்கு 7 மில்லிமீட்டர்தான் வரும். பிள்ளைகள் இவற்றையெல்லாம் வகுத்துப் பார்த்து, தாளில் வரைந்து, ஒருவாறு பொருத்தி விட்டனர்.

ஓசையை இவ்வாறு வகுக்க இயலாது. இஞ்சினை 87இல் ஒரு பங்காகச் சிறுக்கலாம். அதன் ஊதலை அவ்விதம் சிறுக்கினால் கொசுவின் ரீங்காரத்தைக் காட்டிலும் கூர்மையாகிக் காதுக்கே எட்டாமற் போகும். ஆகவே ஓசையின் சுருதியை உள்ளபடியே வைத்துக் கொண்டு, அளவை மட்டும் குறைத்தல் வேண்டும். எவ்வளவு குறைப்பது? பலகையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர், உண்மை ரயிலிலிருந்து 87 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒப்பாவார். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும் போதெல்லாம் ஓசை ஆறு டெசிபல் குறைகிறது என்பது பௌதிக நூலார் கண்ட கணக்கு. வயலுக்கு அப்பால் ரயில் போகும் போது வீட்டுத் திண்ணையில் எவ்வளவு கேட்குமோ, அவ்வளவே போதும். கண்காட்சிகளில் வைக்கப்படும் ரயில்கள் காதைத் துளைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கை மறந்து விடுவதே.

வாளையாறு

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் பாதை எட்டிமடையைக் கடந்து வாளையாற்றில் கேரளத்துக்குள் நுழைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த வாயில் இது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையில் பாலக்காட்டுக் கணவாய். இவ்வாயில் இருந்தபடியால்தான் மலையைக் குடையாமலே மேலைக் கடற்கரைக்கு இருப்புப்பாதை போட முடிந்தது. கேரளத்தில் முதல் ரயில் 1861ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே, அதாவது 1862இல், அப்பாதை கணவாயைக் கடந்து போத்தனூரை எட்டி விட்டது.

இங்கே நாம் முதலிற் பதிவு செய்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று இந்த வாயிலில் நெருக்குண்டு பாய்கிறது. பனைமரங்களின் காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசி இடையறாத சலசலப்பை உண்டாக்குகின்றன. மார்கழி, தை மாதங்களில் இதே காற்று கிழக்கிலிருந்து வீசும். பாலக்காட்டுப் பகுதியை ஒரு பலகையில் காட்ட விரும்புவோர், ரயிலுக்கு முன்னர் இந்தப் பனையோசையை வைத்தல் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த ஊர் ரயிலும் எந்த ஊருக்கும் பொருந்தி விடும்.

அடுத்தது ஊதல். பாதையோரத்தில் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். முன்னால் ரயில்வே கேட் இருக்கிறது, ஊது என்று இஞ்சின் ஓட்டுநருக்கு அது கட்டளையிடும். வாளையாற்றுப் பகுதியில் ஊதலுக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. இது யானைகள் கடக்கும் வழி. எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே இரு பாதைகள் பிரிந்து காட்டோரமாகச் செல்கின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, நவக்கரைக்கு அருகில், மங்களூரிலிருந்து சென்னை சென்ற விரைவு வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் மாண்டன. அதன் பிறகு, 2024இல், தமிழக வனத்துறையினர் மதுக்கரைப் பகுதியில் கோபுரங்கள் நட்டு, செயற்கை அறிவு கொண்ட காமிராக்களைப் பொருத்தி, யானை பாதையை நெருங்கும்போதே ஓட்டுநர்களுக்குச் செய்தி போகுமாறு செய்திருக்கின்றனர்.

யானையின் பிளிறலை இந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தனர். நாம் அதற்கு இசையவில்லை. இரவில் ரயில் வேகத்தைத் தளர்த்துகிறது, ஊதுகிறது, மறுபடியும் ஊதுகிறது, பிறகு ஒன்றும் நிகழாமல் கடந்து போகிறது. அதுவே நல்ல இரவு. பலகையில் அந்த நல்ல இரவைத்தான் காட்ட வேண்டும் என்று சொன்னோம். பிள்ளைகள் ஒப்புக் கொண்டனர். காட்டுக்குள் நுழையும் முன் இரண்டடி தூரத்திலேயே ரயில் மெதுவாகும்படியும் ஊதும்படியும் ஏற்பாடு செய்து விட்டனர்.

பொள்ளாச்சிக் கிளை

பாலக்காடு சந்திப்பு முன்னாளில் ஒலவக்கோடு எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கிருந்து பாலக்காடு டவுன் வழியாகத் தென்கிழக்கே ஒரு கிளைப் பாதை செல்கிறது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து அது பொள்ளாச்சியை அடைகிறது. 1932இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட இது, 2008 இறுதியில் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஏழாண்டுக் காலம் இவ்வூர்களில் ரயிலோசை கேட்கவில்லை.

நாம் கொல்லங்கோட்டில் இறங்கினோம். தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் போல் எழுந்து நிற்கிறது. மழைக் காலமாதலால் அதன் முகத்தில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் தெரிந்தன. வயலில் நாற்று நடுகிற பெண்கள் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பேசிக் கொண்டிருந்தனர். ஸ்டேஷன் வாசலில், கேங்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். நம் ஒலிவாங்கியைப் பார்த்துச் சிரித்தார்.

“எதைத் தம்பி பிடிக்க வந்தீர்கள்? பழைய சத்தம் ஒன்றும் இப்போது இல்லையே. முன்பெல்லாம் வண்டி வருகிறதென்றால் தண்டவாளம் தாளம் போடும். இப்போது வண்டி வழுக்கிக் கொண்டு போகிறது” என்றார்.

“தாளம் எங்கே போயிற்று, ஐயா?” என்று கேட்டோம்.

“இணைப்பையெல்லாம் பற்ற வைத்து விட்டார்களே! தாளம் இணைப்பில் அல்லவா இருந்தது?”

பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. நம் நாட்டில் அகலப் பாதைத் தண்டவாளம் ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர். மீட்டர் பாதைக்கு 12 மீட்டர். வெயிலில் இரும்பு நீளுமாகையால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, பக்கத் தகடுகளால் இணைத்தனர். சக்கரம் அந்த இடைவெளியில் விழுந்து எழும் ஓசையே நாம் அறிந்த தடதடப்பு. மீட்டர் பாதையில் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, வினாடிக்கு ஓர் இணைப்பைக் கடக்கும். பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு அச்சுகள் அடுத்தடுத்து இருப்பதால் இரட்டையாக ஒலிக்கும், சிறிது இடைவெளி, மறுபடியும் இரட்டை. இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்ற வைத்து விடுகின்றனர். ஆதலால் பாதை மாறும் இடங்களிலும் பாலங்களிலுமே பழைய ஓசையைக் கேட்கலாம். பராமரிப்பும் குறைகிறது, பயணியின் உடம்பும் அலுங்குவதில்லை. அதனைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆயினும், அந்தத் தாளத்தில் உறங்கிப் பழகிய ஒரு தலைமுறை இருக்கிறது.

இங்கிருந்து பிள்ளைகளுக்கு ஓர் உண்மை கிடைத்தது. பலகையில் எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்று முதலில் முடிவு செய்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் கொல்லங்கோடு என்றால் மீட்டர் பாதை, டீசல் இஞ்சின், இணைப்பின் தாளம். இன்றைய கொல்லங்கோடு என்றால் தாளம் கூடாது. இரண்டையும் கலந்தால் ஓசை மிகும், பொருள் கெடும்.

முதலமடையில் பெரிய ஆலமரங்கள் பிளாட்பாரத்தின் மேல் குடை பிடிக்கின்றன. விழுதுகளுக்கு இடையில் ரயில் வந்து நிற்கும் காட்சியைத் திரைப்படங்களிலும் எடுத்திருக்கின்றனர். இவ்வூர் மாம்பழத்துக்குப் பேர்பெற்றது; நாம் சென்றபோது பருவம் முடிந்திருந்தது. வண்டி இல்லாத வேளையில் இங்கே இலையசைவும் பறவைக் கூச்சலுமே கேட்கின்றன. அவற்றைப் பத்து நிமிடம் பதிவு செய்தோம். சிற்றூர் நிலையம் ஒன்றின் நாளில் பெரும் பகுதி ரயில் இல்லாத நேரமே என்பதைச் சிற்றுருவம் செய்வோர் நினைவில் கொள்வது நல்லது.

ரயில் இல்லாத மலை

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கும், அங்கிருந்து சின்னாறு காட்டு வழியாக மூணாற்றுக்கும் பேருந்தில் சென்றோம். சின்னாற்றில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். மறையூரில் சந்தன மரங்களைக் கம்பி வேலிக்குள் காத்து வருகின்றனர். கரும்பு ஆலைகளில் வெல்லப் பாகு கொதிக்கும் மணம் சாலை வரை வருகிறது. அதற்கப்பால் தேயிலை தொடங்குகிறது.

இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் பாதை கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்பது அதன் பெயர். 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று விடப்பட்டது. எவிங் என்பாரின் முறைப்படி அமைந்தது அது. சிறு சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின் மீது உருள, பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையின் மீது ஊன்றி வண்டி சாயாமற் காக்கும். மாடுகள் அதனை இழுத்தன. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியும் இம்முறையைச் சார்ந்ததே. மூணாற்றில் 1908இல் அதனை மாற்றி, இரண்டடி அகலப் பாதை போட்டு, சிறு நீராவி இஞ்சின்களை ஓட விட்டனர். மாட்டுப்பெட்டி இடை நிலையங்களில் ஒன்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தி மூலம் மலையடிவாரத்திலுள்ள கொட்டகுடிக்கு இறங்கின; அங்கிருந்து போடிக்குச் சென்றன. மூணாற்றுத் தேயிலை உலகத்துக்குப் போன வாசல் தமிழ்நாட்டுப் பக்கமே இருந்தது.

1924ஆம் ஆண்டு ஜூலையில் பெருமழை பெய்தது. மலையாள ஆண்டு 1099 ஆதலால் கேரளத்தார் இன்றும் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே வழங்குகின்றனர். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த மூணாறு சிதைந்தது. பாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ரயில் அதன் பின் மீளவே இல்லை. பழைய ரயில் நிலையக் கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் திறக்கப்பட்ட தேயிலைக் காட்சிச்சாலையில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கின்றனர். கை விட்டுத் தட்டிப் பார்க்க ஆசை எழுந்தது. காட்சிப் பொருளைத் தொடலாகாது என்பதால் அடக்கிக் கொண்டோம்.

ஊமை வண்டி

இந்த ரயிலுக்கு எந்த ஓசையைக் கொடுப்பது? நீலகிரி மலை ரயிலின் ஓசையைப் பதிவு செய்து வைக்கலாம் என்று பிள்ளைகளில் மூத்தவன் யோசனை சொல்லியிருந்தான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இன்றும் நீராவி இஞ்சின் ஓடுவது உண்மையே. ஆனால் அவ்விஞ்சினின் அமைப்பு வேறு. அதற்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, மற்ற இரண்டு பற்சக்கரத்தை ஓட்டுகின்றன. முதல் இரண்டில் வேலை செய்த நீராவியே மற்ற இரண்டுக்கும் போகிறது. சாதாரண இஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர். சக்கரம் ஒரு முறை சுற்றும்போது நான்கு முறை புகைப்போக்கி மூச்சு விடும். நீலகிரி இஞ்சின் மலை ஏறும்போது விடும் மூச்சு அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஒருவர் குரலை மற்றொருவர் வாயில் வைத்தது போல் ஆகி விடும்.

குண்டளை இஞ்சினின் குரலையே தேடலாம் என்றால், காலம் ஒத்துழைக்கவில்லை. ஒலிவாங்கியையும் மின்சாரத்தையும் கொண்டு இசைத்தட்டுப் பதியும் முறை 1925இல்தான் வாணிபத்துக்கு வந்தது. அதற்கு முன்னர் பாடுவோர் பெரிய கொம்புக் குழாயின் முன் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. அக்கருவியை மலைமேல் சுமந்து போய் ரயிலோசையைப் பிடிப்பது ஆகிற காரியமன்று. ஓராண்டு இடைவெளியில் அந்த வண்டி காதின் உலகிலிருந்து நழுவி விட்டது.

நாம் சொன்ன முடிவு இது: மாடு இழுத்த 1902ஆம் ஆண்டு வண்டிக்கு ஓசை தரலாம். மாட்டுக் கழுத்து மணியும், கல் சாலையில் சக்கரம் உருளும் ஒலியும் இன்றும் கிடைப்பவை. 1908ஆம் ஆண்டு இஞ்சினோ பலகையில் ஓசையின்றியே ஓடட்டும். அதனைச் சுற்றிக் காற்றும் ஆறும் ஒலிக்கட்டும். சங்கத்துப் பெரியவர் ஒருவர் இதனைக் கேட்டு, “ஊமை வண்டியைப் பார்க்க யார் வருவார்?” என்றார். வண்டி ஏன் பேசவில்லை என்று ஒரு குழந்தையாவது கேட்கும் அல்லவா? அப்போது வெள்ளத்தின் கதையைச் சொல்லலாம். பொய்க் குரல் ஒன்றை வைத்து விட்டால் அந்தக் கேள்விக்கே இடமிராது.

மழையின் ஓசை

மூணாற்றில் நாம் தங்கிய இரு இரவும் மழை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில், உறவு முறை கொண்ட குடும்பத்தினர் வீட்டில் விருந்துண்டோம். இவர்களுடைய முன்னோர் கங்காணிமார் திரட்டி வந்த கூட்டத்தோடு தமிழ்நாட்டிலிருந்து மலை ஏறியவர்கள். நான்கு தலைமுறை ஆகியும் வீட்டில் தமிழே பேசுகின்றனர். தகரக் கூரையின் மீது மழை விழும் ஓசையைப் பதிவு செய்ய ஒலிவாங்கியை வைத்தோம். வீட்டுப் பெரியம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“உங்களுக்கு இது வேடிக்கை, தம்பி. நாங்கள் மழை பெரிதானால் எழுந்து உட்கார்ந்து விடுவோம். எந்தப் பக்கம் மண் அசைகிறது என்று காதைத் தீட்டிக் கொண்டு இருப்போம்.”

அவர் பெட்டிமுடியை நினைத்துச் சொன்னார். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மீது விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. உறங்கிக் கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. வெள்ளம் வந்த 1924க்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டு. மலையும் மழையும் மாறவில்லை. மலைச்சரிவின் கீழ் உறங்குகிறவர்களும் மாறவில்லை.

நாம் ஒலிவாங்கியை எடுத்து உறைக்குள் வைத்து விட்டோம். மழை வேண்டும் என்று கேட்டிருந்த பிள்ளைகளுக்கு இதனை உள்ளபடியே சொன்னோம். இடியும் மின்னலும் பொத்தானை அழுத்தினால் வரும்படி அவர்கள் செய்து வைத்திருந்தனர். தாமாகவே அதனைக் கழற்றி விட்டனர். மூணாற்றுப் பகுதியில் இப்போது அதிகாலைச் சங்கும், கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் பேச்சும் மட்டும் இருக்கின்றன. அப்பேச்சைப் பெரியம்மாவின் வீட்டார் அனுமதியோடு விடியற்காலையிற் பதிவு செய்தோம்.

போடி இறங்கினோம்

மூணாற்றிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டு. அங்கே மாநில எல்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கும் போது ஏலக்காய் மணம் குறைந்து புளிய மரக் காற்று வருகிறது. மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928இல் மீட்டர் பாதை திறந்தனர். இரண்டாம் உலகப் போரின் போது தண்டவாளங்களையே பெயர்த்துக் கொண்டு போனார்கள். 1950களில் மறுபடியும் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 இறுதியில் மூடப்பட்ட இது, தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூன் மாதத்திலும் திறக்கப்பட்டது. இப்போது சென்னைக்கே வண்டி உண்டு.

போடியில் ரயில் புறப்படும் ஓசையை முழுமையாகப் பிடித்தோம். ஏலக்காய் வியாபாரிகளின் விலைப் பேச்சு, வழியனுப்ப வந்தோரின் “போனதும் போன் போடு”, கார்டின் விசில், ஊதல், பெட்டிகள் அசைந்து நகரும் மெல்லிய முனகல். வண்டி சென்ற பிறகும் ஒரு நிமிடம் பதிவை நிறுத்தவில்லை. வழியனுப்பியவர்கள் திரும்பி நடக்கும் செருப்போசை அதில் இருக்கிறது.

பொருத்தும் முறை

வீட்டில் இம்முயற்சி செய்ய விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். அமெரிக்காவில் லயனல் கம்பெனியார் 1935லேயே பொம்மை ரயிலுக்குள் சிறு மோட்டாரும் காற்றாடியும் வைத்து ஊதல் ஒலிக்கச் செய்தனர். 1990களில் அமெரிக்கத் தேசிய மாடல் ரயில் சங்கத்தார் தரப்படுத்திய டிஜிட்டல் முறையில், தண்டவாளத்தின் வழியாகவே ஒவ்வோர் இஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை போகிறது. இஞ்சினுக்குள் உள்ள ஒலிச்சில்லு அதன்படி ஊதுகிறது. அதற்குச் செலவு அதிகம். பிள்ளைகள் கையாண்டது எளிய முறை. எம்.பி.3 பாடலைப் பாடும் சிறு மின்பலகை ஒன்று, விரல் நகம் அளவுள்ள நினைவட்டை ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று. வண்டியின் அடியில் காந்தத் துண்டை ஒட்டி, தண்டவாளங்களுக்கு இடையே காந்தத்தால் மூடும் ஸ்விட்சைப் பதித்தால், வண்டி அவ்விடத்தைக் கடக்கும்போது உரிய ஓசை எழும்.

ஒலிபெருக்கியை வெறுமனே தொங்க விடலாகாது. அதன் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். சிறு பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் அதே ஒலிபெருக்கி இரு மடங்கு நன்றாகப் பேசும். சிறிய ஒலிபெருக்கியால் ஆழ்ந்த உறுமலைத் தர இயலாது. ஆகவே உறுமலுக்குப் பலகையின் அடியில் பெரியது ஒன்று. ஊதலுக்கு வண்டியின் அருகில் சிறியது ஒன்று. கூர்மையான ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கண்டு கொள்ளும். உறுமலின் இடத்தை அவ்வளவு எளிதில் கண்டு கொள்ளாது.

இன்னொன்று. பாதையோரம் நின்று பதிவு செய்தால், ரயில் நம்மைக் கடக்கும் கணத்தில் ஊதலின் சுருதி தாழ்ந்து விடும். அப்பதிவை ஓடும் வண்டிக்குள் வைத்தால், வண்டி எங்கே இருந்தாலும் சுருதி தாழும். கேட்பவருக்குத் தலை சுற்றும். நின்ற வண்டியின் அருகில் பிடித்த ஊதலே வண்டிக்கு ஏற்றது. நீராவி இஞ்சினுக்கும் கணக்கு உண்டு. மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. இஞ்சினின் ஓட்டுச் சக்கரம் 1372 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறக்குறைய நான்கு மூச்சு விடும். 30 கிலோமீட்டரில் எட்டு. ஓசையும் ஓட்டமும் பொருந்தாவிட்டால் காரணம் தெரியாத குழந்தைக்கும் உறுத்தும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கைபேசி வருமுன், வெளியூரிலும் கடல் கடந்தும் பிழைக்கப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் காசெட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. திருமணத்தையும் காதுகுத்தையும் டேப்பில் பதிந்து வைத்த வீடுகளும் உண்டு. கொல்லங்கோடு, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலை, தேனி, போடி முதலிய ஊர்களில் பாதையோரத்து வீடுகளில் பதிந்த காசெட்டுகளில், பாட்டியின் பேச்சுக்குப் பின்னால் மீட்டர் பாதை வண்டி ஒன்று தாளம் போட்டுக் கொண்டு போயிருக்கக் கூடும். காந்த நாடா ஈரத்தில் ஒட்டிக் கொள்ளும், பூசணம் பிடிக்கும், ஆண்டுகள் ஆக ஆக ஓசை மங்கும். பரணில் அத்தகைய காசெட் இருந்தால் எறிந்து விடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், பிரதி எடுத்துக் கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். ரயிலோசை பலகைக்கு; பாட்டியின் பேச்சு உங்கள் வீட்டுக்கு.